லூனேவில் நகரின் மெழுகுவர்த்தி: ஜார்ஜ் டெ லா டூர் ஓவியங்கள் – ஒரு மறுமதிப்பீடு

ஓவியக் கண்காட்சி ஒன்றை அது நடைபெறும் நகருக்கே சென்று காணும் வாய்ப்பு நம்மில் மிகச் சிலருக்கே கிட்டுகிறது. மற்றவர்க்கு அக்கண்காட்சிக்கென அச்சிடப்பெற்ற விளக்கநூலே கண்காட்சியாக அமைகிறது. இது ஒரு குறைதான். ஓவியத்தின் அளவையும் வண்ணத்தின் ஆழத்தையும் அச்சுத்தாள் முழுமையாகக் காட்டாது. எனினும் இதில் ஒரு நன்மையும் உண்டு. கூடத்தில் நிற்பவர் ஓவியத்தை மட்டும் பார்த்துச் செல்கிறார். விளக்கநூலைப் படிப்பவரோ ஓவியத்தையும், அதன் வரலாற்றையும், வரைந்தவரின் வாழ்க்கை பற்றிய ஆவணச் செய்திகளையும் ஒரே மேசையின்மேல் விரித்து வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்.

பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் டெ லா டூரைப் (1593–1652) பற்றி நாம் இங்கு எழுத முற்படுவது அத்தகைய நூல் ஒன்றைக் கொண்டே. 1996இல் வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்திலும், 1997இல் ஃபோர்ட் வொர்த் நகரின் கிம்பல் அருங்காட்சியகத்திலும் நடைபெற்ற கண்காட்சிக்காக ஃபிலிப் கானிஸ்பீ பதிப்பித்த ‘ஜார்ஜ் டெ லா டூரும் அவருடைய உலகமும்’ என்னும் ஆங்கில விளக்கநூல் அது. 2025 செப்டம்பரில் பாரிஸ் நகரின் ஜாக்மார்-ஆந்த்ரே அருங்காட்சியகம் இவ்வோவியரின் படைப்புகள் பலவற்றை மீண்டும் ஒன்றுகூட்டியபோது, இப்பழைய நூலை நாமும் மீண்டும் எடுத்துப் படித்தோம். படித்து முடித்தபோது, இவருடைய ஓவியங்களோடு சேர்த்து நாம் இதுகாறும் சொல்லிவந்த கதை சரியானதுதானா என்னும் ஐயம் எழுந்தது. அந்த ஐயத்தை ஆயர்களுக்கும் மாணவர்களுக்கும் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மறக்கப்பட்டவரும் மீட்கப்பட்டவரும்

லா டூர் 1593இல் விக்-சுர்-சேய் என்னும் சிற்றூரில் ஓர் அப்பம் சுடுபவரின் மகனாகப் பிறந்தார். 1617இல் உயர்குடியைச் சேர்ந்த டையான் லெ நெர்ஃப் என்பாரை மணந்து, 1620இல் அவருடைய ஊராகிய லூனேவிலில் குடியேறினார். அவ்வூர் அன்று பிரான்சின் பகுதியன்று. லொரேன் என்னும் தனிச் சிற்றரசுக்கு உட்பட்டிருந்தது. சிற்றரசரின் ஆதரவையும் பின்னர் பிரெஞ்சு அரசரின் ஆதரவையும் லா டூர் பெற்றார். 1639ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில் அரசரின் ஓவியர் என்னும் பட்டம் அவர் பெயரோடு காணப்படுகிறது. 1652 ஜனவரியில் மனைவியும் அவரும் இரண்டு வார இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தனர்.

இவ்வளவு புகழ் பெற்றவர் இறந்தபின் ஏறத்தாழ முழுவதும் மறக்கப்பட்டார். அவருடைய ஓவியங்கள் மட்டும் பிறர் பெயரால் வழங்கின. நான்த் நகரிலுள்ள குருட்டு இசைஞன் ஓவியம் ஸ்பானிய ஓவியர்க்கு உரியதெனக் கருதப்பட்டது. ரென் நகரிலுள்ள ‘பச்சிளங்குழந்தை’ லெ நேன் உடன்பிறப்புகளுடையதெனச் சொல்லப்பட்டது. 1863இல் அலெக்சாந்தர் ஜோலி என்பார் லூனேவில் ஆவணங்களிலிருந்து ஓவியரின் வாழ்க்கைக் குறிப்புகளைத் திரட்டி வெளியிட்டார். ஆயினும் அவ்வாழ்க்கைக்கு உரிய ஓவியங்கள் எவை என்பது அப்போதும் புலப்படவில்லை. 1915இல் ஹெர்மன் ஃபோஸ் என்னும் செர்மானிய அறிஞர் நான்த் நகரின் கையொப்பமிட்ட இரண்டு ஓவியங்களையும் ரென் ஓவியத்தையும் ஒன்றாக வைத்து, இவை மூன்றும் ஒரே கையினின்று வந்தவை என்று காட்டினார். 1934இல் பாரிசில் நடைபெற்ற பெருங்கண்காட்சி ஒன்று அவரைப் பொதுமக்களுக்கு அறிமுகம் செய்தது. 1972இல் அங்கேயே அவருக்கெனத் தனிக் கண்காட்சி நடந்தது.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. லா டூரின் கலைவாழ்வு என்று இன்று நாம் அறிவது அவர் விட்டுச் சென்றதன்று. கண்காட்சிகளும் அவற்றின் விளக்கநூல்களும் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டியது. இன்று அவருடையவை என ஏற்கப்படும் ஓவியங்கள் ஏறத்தாழ நாற்பது. அவற்றுள் ஐயமின்றிப் படிக்கத்தக்க ஆண்டுக் குறிப்புடையவை இரண்டே: 1645ஆம் ஆண்டின் ‘பேதுருவின் கண்ணீர்’, 1650ஆம் ஆண்டின் ‘பேதுருவின் மறுதலிப்பு’. மற்றவற்றின் காலவரிசை அறிஞர்களின் கணிப்பேயாகும். பட்டியலும் இன்னும் முற்றுப்பெறவில்லை. 2005இல் மாட்ரிட் நகரின் அலுவலகக் கட்டிடம் ஒன்றில் தொங்கிக்கொண்டிருந்த ஜெரோம் ஓவியம் லா டூருடையதென அடையாளம் காணப்பட்டது. மறுபுறம், நியூயார்க்கிலுள்ள ‘குறி சொல்பவள்’ ஓவியம் போலி என்று 1980களில் வலுவான ஐயம் எழுந்தது. அதனை இன்று பெரும்பாலோர் ஏற்பதில்லை. வேதாகம நூல்களின் ஆசிரியர், காலம், மூலபாடம் ஆகியவற்றை ஆராய்ந்து பழகிய இறையியல் மாணவருக்கு இந்த ஆய்வுமுறை அந்நியமானதன்று. நம்முடைய மூலபாடத் திறனாய்வில் எத்தகைய எச்சரிக்கை வேண்டுமோ அத்தகைய எச்சரிக்கை இங்கும் வேண்டும்.

பகலும் இரவும்

லா டூரைப் பற்றிப் பரவலாக வழங்கும் கதை பின்வருமாறு: இளமையில் அவர் பகல் வெளிச்சத்தில் உலகியல் காட்சிகளை வரைந்தார். சூதாடுவோர், குறி சொல்பவள், சண்டையிடும் தெருப் பாடகர் ஆகியோர் அவருடைய பொருளாயினர். பின்னர் போரும் கொள்ளைநோயும் லொரேன் நாட்டைச் சூறையாடின. துன்பத்தால் உள்ளம் கனிந்த ஓவியர் இரவுக்கும் மெழுகுவர்த்திக்கும் திரும்பினார். புனிதரையும் குழந்தை இயேசுவையும் வரையலானார். சுருங்கக் கூறின், உலகத்திலிருந்து தேவனிடத்திற்குத் திரும்பிய ஒருவரின் மனந்திரும்புதல் கதை இது.

இக்கதை பிரசங்கத்திற்கு மிக ஏற்றது என்பதை நாம் மறுக்கவில்லை. நாமே இதனைச் சொல்லியிருக்கிறோம். ஆனால் விளக்கநூலின் பக்கங்களைப் பொறுமையாகப் புரட்டிப் பார்க்கும்போது இதற்கு ஆதாரம் குறைந்துகொண்டே வருகிறது. ஆல்பி நகரின் பேராலயத்திற்குப் பின்னர் சென்றடைந்த அப்போஸ்தலர் வரிசை அவருடைய தொடக்க காலத்தது என்பர் அறிஞர். அவை பகல் வெளிச்சத்தில் வரையப்பட்ட பக்தி ஓவியங்களே. இரத்தம் தோய்ந்த கயிற்றைக் கையில் பிடித்து முழங்காலில் நிற்கும் முதிய ஜெரோமும் பகலொளியிலேயே நிற்கிறார். மாறாக, இரவு ஓவியங்களுள் ஒன்று, மெழுகுவர்த்தியின் அருகே அமர்ந்து உடலில் தெள்ளுப்பூச்சி தேடும் ஒரு பெண்ணைக் காட்டுகிறது. அதில் புனிதம் என்று சொல்லத்தக்க அடையாளம் எதுவும் இல்லை. உக்ரைன் நாட்டு லிவிவ் நகரிலுள்ள ‘வரி செலுத்துதல்’ என்னும் ஓவியமும் விளக்கொளியில் அமைந்ததே. அதனைத் தொடக்க காலத்தது என்று கருதுவோரும் உளர்.

எனவே பகல் முன்னர், இரவு பின்னர் என்பதும், பகல் உலகியல், இரவு பக்தி என்பதும் முழுமையாகப் பொருந்தவில்லை. இரண்டு வகை ஓவியங்களிலும் ஒன்றாகவே இருப்பது ஓவியர் பார்க்கும் முறை. சூதாட்ட ஓவியத்தில் ஏமாற்றுகிறவன் தன் முதுகுப்புறம் செருகியிருக்கும் சீட்டை எவ்வளவு கூர்மையாகப் பார்த்து வரைந்தாரோ, அவ்வளவே கூர்மையாகப் பேதுருவின் கோத்த கைகளையும் பார்த்து வரைகிறார். சூதாட்ட ஓவியத்தை அவர் இரண்டு முறை வரைந்திருக்கிறார். ஒன்றில் ஒளித்த சீட்டு வேறு, மற்றொன்றில் வேறு. மகதலேனா மரியாளையோ அதனினும் மிகுதியாகத் திரும்பத் திரும்ப வரைந்தார். ஒரே பொருளைச் சிறு மாற்றங்களுடன் பலமுறை செய்து கொடுக்கும் தொழிற்கூடத்தின் பழக்கம் அது. அதனை ஆன்மிக வளர்ச்சியின் படிகள் என்று நாம் வாசிப்பது, ஓவியத்தில் இல்லாததை அதில் ஏற்றுவதாகும்.

ஆவணங்கள் காட்டும் மனிதர்

மனந்திரும்புதல் கதைக்கு இதனினும் பெரிய தடையாக நிற்பவை ஆவணங்கள். லா டூர் எழுதிய கடிதங்களுள் நமக்குத் தெரிந்த முக்கியமானது, 1620இல் அவர் சிற்றரசருக்கு விடுத்த விண்ணப்பம். மனைவியின் குலத்தையும் தம் கலையின் சிறப்பையும் சுட்டி வரிகளிலிருந்து விலக்குக் கேட்கிறார், பெறுகிறார். 1642இல், நகர் போரால் சீரழிந்திருந்த காலத்தில், தம் கால்நடைகளுக்கு வரி கொடுக்க மறுக்கிறார். 1646இல் லூனேவில் மக்கள் நாடுகடந்து வாழ்ந்த சிற்றரசருக்கு ஒரு முறையீடு அனுப்பினர். லா டூர் ஊருக்குத் தலைவரைப் போல வேட்டை நாய்களைப் பெருந்தொகையாக வளர்க்கிறார். அவை முயல்களைத் துரத்திக்கொண்டு விளைந்த பயிர்களுக்குள் ஓடி அவற்றை மிதித்துப் பாழாக்குகின்றன என்பது அவர்களுடைய புகார். உழவர் ஒருவரை அவர் அடித்துக் காயப்படுத்தியதாகவும் ஆவணம் உண்டு.

அக்காலத்து லூனேவில் எத்தகைய நிலையில் இருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். முப்பதாண்டுப் போரின் நடுவே 1633இல் பிரெஞ்சுப் படைகள் லொரேனைக் கைப்பற்றின. கொள்ளைநோய் பரவியது, லா டூரிடம் தொழில் கற்க வந்த அவருடைய உறவினர் இளைஞரே 1636இல் அதற்குப் பலியானார். 1638இல் நகரம் தீக்கிரையாயிற்று. லொரேன் நாட்டவரான ஜாக் கல்லோ 1633இல் வெளியிட்ட ‘போரின் அவலங்கள்’ என்னும் செதுக்கோவிய வரிசையில் தூக்கிலிடப்பட்டோர் ஒரே மரத்தில் கொத்தாகத் தொங்குவதைக் காண்கிறோம். இன்று கிடைக்கும் லா டூரின் ஓவியங்களில் போர்க்காட்சி ஒன்றுகூட இல்லை.

இன்னும் ஒரு செய்தி நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. நாட்டைக் கைப்பற்றி ஆண்ட பிரெஞ்சு ஆளுநர் லா ஃபெர்த்தேயின் தயவைப் பெறுவதற்காக லூனேவில் நகராட்சி 1644 முதல் சில ஆண்டுகள் லா டூரின் ஓவியங்களை விலைகொடுத்து வாங்கி அவருக்குப் பரிசாக அளித்தது. முதலாவது, கிறிஸ்துவின் பிறப்பைக் காட்டும் ஓவியம். அதன் விலை 700 பிராங்கு. லூவர் அருங்காட்சியகத்திலுள்ள ‘மேய்ப்பர்களின் வணக்கம்’ அதுவாக இருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். எரிந்துபோன நகரின் மக்கள் கொடுத்த பணம், வரி கொடுக்க மறுத்த ஓவியரின் கைக்குச் சென்றது. ஏழை மேய்ப்பர் குழந்தையைச் சூழ்ந்து நிற்கும் காட்சி, படைத்தலைவரின் மாளிகைச் சுவருக்குச் சென்றது. நாம் கிறிஸ்து பிறப்புக் காலத்தில் பெரிதும் விரும்பிப் பயன்படுத்தும் ஓவியங்களுள் ஒன்றின் பின்னால் இத்தகைய கணக்கு இருக்கக்கூடும்.

விளக்கநூல் இவற்றை மறைக்கவில்லை. ஆனால் ஓவியங்களைப் பற்றிப் பேசும்போது மௌனம், அமைதி, உள்முகத் தியானம் என்னும் சொற்களுக்கே கலை வரலாற்றாசிரியர் திரும்புகின்றனர். ஆவணச் செய்திகள் வாழ்க்கைக் குறிப்பில் தனியே நிற்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கடமை வாசகர்மேல் விழுகிறது.

பேதுருவும் மகதலேனா மரியாளும்

ஓவியங்களுக்குத் திரும்புவோம். கிளீவ்லண்ட் நகரிலுள்ள 1645ஆம் ஆண்டு ஓவியத்தில் பேதுரு அமர்ந்திருக்கிறார், கைகள் கோத்திருக்கின்றன, கண்கள் மேல்நோக்கி நனைந்திருக்கின்றன. அருகில் சேவல். காலடியில் ஒரு கைவிளக்கு எரிகிறது. ஆனால் அவர் முகத்தில் விழும் ஒளி அவ்விளக்கிலிருந்து வருவதன்று. மேலேயிருந்து, ஓவியத்திற்கு வெளியே எங்கிருந்தோ வருகிறது. தம் விளக்கு தம் காலை மட்டுமே காட்ட, முகத்தை வேறொரு ஒளி காட்டுகிறது. புண்ணிய வட்டமோ தேவதூதரோ இன்றி, ஒளியின் திசை ஒன்றாலேயே கிருபையைப் பற்றிப் பேசும் இம்முறை, சீர்திருத்த மரபில் வந்த நம்மை எளிதில் கவர்கிறது.

அவ்வாறு கவரப்படுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. லா டூரை நாம் அறியாமலே நம் கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறோம். அவருடைய லொரேன் உறுதியான உரோமக் கத்தோலிக்க நாடு. பேதுருவின் கண்ணீரும் மகதலேனாளின் தவமும் அக்காலத்தில் வெறும் வேதாகமக் காட்சிகளல்ல. பாவசங்கீர்த்தனம் என்னும் சடங்கைச் சீர்திருத்தக்காரர் மறுத்ததற்கு எதிராகக் கத்தோலிக்கத் திருச்சபை உயர்த்திப் பிடித்த சான்றுகள். அவ்வோவியத்தை அதன் வாதத்தோடு சேர்த்து வாசிப்பதே நேர்மை. வாதத்தை நீக்கிவிட்டு ஒளியை மட்டும் எடுத்துக்கொள்வது, ஒருவருடைய விண்ணப்பத்தின் நடுப்பகுதியை வெட்டிவிட்டு ஆமென் சொல்வதற்கு ஒப்பாகும்.

மகதலேனா மரியாளைப் பொறுத்தவரை நம் கேள்வி இன்னும் கடுமையானது. நியூயார்க், வாஷிங்டன், லாஸ் ஏஞ்சலஸ், பாரிஸ் ஆகிய இடங்களிலுள்ள ஓவியங்களில் அவர் விளக்கின் முன் தனித்து அமர்ந்திருக்கிறார். மடியிலோ மேசையிலோ ஒரு மண்டையோடு. நியூயார்க் ஓவியத்தில் கழற்றி எறிந்த நகைகள் தரையில் கிடக்கின்றன. கண்ணாடியில் சுடர் இரண்டாகத் தெரிகிறது. இவ்வளவு அமைதியாக மரணத்தை எண்ணும் முகத்தை நாம் வேறெங்கும் கண்டதில்லை. ஆயினும் இம்மரியாள் யார்? லூக்கா 7ஆம் அதிகாரத்தின் பாவியான ஸ்திரீயையும், பெத்தானியா மரியாளையும், மகதலேனாளையும் ஒருவராகவே ஆக்கியவர் முதலாம் கிரகோரி. அது 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்தது. நற்செய்தி நூல்கள் அவ்வாறு சொல்லவில்லை. லா டூருக்கு நூறாண்டுகளுக்கு முன்பே, 1517இல், பிரெஞ்சு நாட்டு அறிஞரான லெஃபெவ்ர் தெத்தாப்ல் இதனை எடுத்துக்காட்டி எழுதினார். 1521இல் பாரிஸ் இறையியல் அவையம் அவருடைய கருத்தைக் கண்டித்தது. 1969இல் உரோமத் திருச்சபையே தன் வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோது அந்தப் பழைய இணைப்பைக் கைவிட்டது.

உயிர்த்தெழுந்த ஆண்டவரை முதலில் கண்டு சீடர்க்கு அறிவித்த சாட்சியை, பேசாது அமர்ந்து அழும் ஒருத்தியாக மாற்றிய ஒரு மரபின் மிக அழகிய கனி இவ்வோவியங்கள். பெண்களின் திருப்பணி பற்றி நம் சபைகளில் நடந்த வாதங்களை அறிந்தவர்கள், இந்த மாற்றத்தை வெறும் கலைவரலாற்றுச் செய்தியாக எடுத்துக்கொள்ள இயலாது. அழகு பிழையை நீண்டகாலம் உயிரோடு வைத்திருக்கும். இவ்வோவியங்களைத் தியானக் கூட்டங்களில் பயன்படுத்துவோர் யோவான் 20ஆம் அதிகாரத்தையும் உடன் வாசிப்பார்களாக.

யோபின் மனைவி

லா டூரை நாம் முழுமையாக மறுமதிப்பீடு செய்யத் தூண்டிய ஓவியம் எப்பினால் நகரில் உள்ளது. ஆடையின்றி, எலும்பும் தோலுமாய், ஒரு முதியவர் தாழ அமர்ந்திருக்கிறார். காலடியில் உடைந்த ஓடு. அவருக்கு முன்னே ஓவியத்தின் உச்சி வரை உயர்ந்து, தலையைக் குனிந்து நிற்கிறாள் ஒரு பெண், கையில் மெழுகுவர்த்தி. இதனை ஒரு காலத்தில் பேதுருவைச் சிறையிலிருந்து விடுவிக்கும் தேவதூதன் என்று விளக்கினர். பின்னரே யோபும் அவர் மனைவியும் என்று அறிந்தனர். அதன்பின் ‘மனைவியால் ஏளனம் செய்யப்படும் யோபு’ என்னும் பெயர் நிலைத்தது.

ஏளனம் என்பது பெயரில் இருக்கிறது. ஓவியத்தில் இருக்கிறதா என்று கேட்கிறோம். அப்பெண்ணின் முகத்தில் கேலி இல்லை. ஒரு கை விரிந்து அவர் தலைக்கு மேலே நிற்கிறது. அது கடிந்துகொள்ளும் கையாகவும் இருக்கலாம், தொடத் தயங்கும் கையாகவும் இருக்கலாம். இருவர் வாயும் சற்றே திறந்திருக்கின்றன. அவள் குனிந்து பார்க்க, அவர் அண்ணாந்து பார்க்க, இரண்டு பார்வைகளும் சந்திக்கின்றன. ஓவியத்திலுள்ள ஒரே ஒளி அவள் கொண்டுவந்தது. இதே பெண்ணைத் தேவதூதன் என்று ஒருமுறை எண்ணியவர்கள் கல்வியற்றவர்கள் அல்லர். பெயர் தெரியாதபோது அவர்கள் கண்ட உதவியை, பெயர் தெரிந்தபின் வந்தவர்கள் காணத் தவறினார்கள்.

வேதபாடமும் இங்கு நம் துணைக்கு வருகிறது. எபிரெய மூலத்தில் யோபின் மனைவி பேசுவது ஒரே ஒரு வாக்கியம். அதில் சபித்தல் என்று நாம் மொழிபெயர்க்கும் வினைச்சொல் நேர்ப்பொருளில் வாழ்த்துதல் என்பதே. இடக்கரடக்கலாக அங்கு நிற்கிறது என்பது பொதுவான விளக்கம். செப்துவஜிந்து என்னும் கிரேக்க மொழிபெயர்ப்போ அவளுக்கு நீண்ட புலம்பல் ஒன்றைத் தருகிறது. தான் பெற்று இழந்த பிள்ளைகளைப் பற்றியும், வீடு வீடாகக் கூலி வேலைக்கு அலைந்து சூரியன் எப்போது மறையும் என்று காத்திருப்பதைப் பற்றியும் அவள் அங்கே பேசுகிறாள். இறந்த பத்துப் பிள்ளைகளும் யோபுக்கு மட்டும் பிள்ளைகள் அல்லர். லா டூர் அந்தக் கிரேக்கப் பகுதியை அறிந்திருந்தார் என்று சொல்ல நம்மிடம் சான்றில்லை. அவருடைய மனைவியும் பத்துப் பிள்ளைகளைப் பெற்றார், அவர்களுள் பெரும்பாலோரைப் புதைத்தார் என்பது மட்டும் தெரியும். அதனைக் கொண்டு இவ்வோவியத்தை விளக்க முற்படுவது, நாம் முன்னர் மறுத்த பிழையையே மீண்டும் செய்வதாகும். ஓவியத்தில் இருப்பதை மட்டும் சொல்வோம்: பிரசங்கத்தில் நாம் பலமுறை ஏளனத்திற்கு உரியவளாக்கிய ஒரு பெண்ணை, இவ்வோவியர் ஏளனம் செய்யவில்லை.

தகுதியற்ற கையிலிருந்து பெறுதல்

இப்போது வினா தவிர்க்க முடியாததாகிறது. பயிரை மிதித்த நாய்களின் எசமானரும், யோபின் மனைவியை இவ்வளவு கனிவோடு கண்டவரும் ஒருவரே. அவரை நாம் எவ்வாறு ஏற்பது?

இருவகை விடைகள் எளிதில் கிடைக்கின்றன. முதலாவது, வாழ்க்கை வேறு, கலை வேறு என்பது. இரண்டாவது, இத்தகைய மனிதரின் பக்தி ஓவியங்கள் வெறும் வணிகமே என்பது. முதலாவது விடை லூனேவில் உழவர்களின் முறையீட்டைக் கிழித்தெறிகிறது. இரண்டாவது விடை ஓவியத்தைப் பாராமலே தீர்ப்பளிக்கிறது.

திருச்சபை இதையொத்த வினா ஒன்றை முன்னரே சந்தித்திருக்கிறது. தொனாத்தியரோடு அகுஸ்தீன் நடத்திய வாதத்தில், தகுதியற்ற ஊழியரின் கையால் கொடுக்கப்படும் திருவருட்சாதனம் செல்லுமா என்பதே பொருள். செல்லும் என்றார் அவர். கொடுப்பவர் கிறிஸ்துவே, ஊழியர் அல்லர் என்பது அவர் கூறிய காரணம். 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 8ஆம் பிரிவு இதனையே உறுதிப்படுத்துகிறது. ஓவியம் திருவருட்சாதனம் அன்று. கிறிஸ்துவின் வாக்குத்தத்தம் அதனோடு இணைக்கப்படவில்லை. ஆகவே இப்போதனையை அப்படியே ஓவியத்தின்மேல் ஏற்ற இயலாது. எனினும் அது ஒன்றைக் கற்பிக்கிறது: கொடுப்பவரின் நிலையைப் பெறுபவர் அறிந்திருந்தும், கொடுக்கப்பட்டதை உண்மையென ஏற்கலாம்.

இப்போதனை யாருக்காகக் கொடுக்கப்பட்டது என்பதையும் நாம் மறத்தல் கூடாது. பெறுகிறவர்களின் ஆறுதலுக்காகவே அது கொடுக்கப்பட்டது. கொடுக்கிறவர்களின் சாக்குப்போக்குக்காக அன்று. நாம் சொல்லும் செய்தி நல்லதாயிருக்கிறது, ஆகவே நம் நாய்கள் எங்கு ஓடினாலும் பரவாயில்லை என்று ஆயர் எவரேனும் எண்ணுவாரானால், அவர் இப்போதனையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். நன்றாகப் பிரசங்கிக்கும் திறன் வாய்த்தவர்களுக்கு இந்தச் சோதனை மிகுதி. லா டூரின் கண் கூர்மையானது. தெருவில் நின்ற குருட்டு இசைஞனின் முகச்சுருக்கம் ஒவ்வொன்றையும் அது கண்டது. தம் ஊராரின் வயலை மட்டும் அக்கண் காணவில்லை. காண்பதும் அன்புகூருவதும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்றை ஓவிய வரலாற்றில் நாம் அறியோம்.

நான்த் நகரிலுள்ள 1650ஆம் ஆண்டின் ‘பேதுருவின் மறுதலிப்பு’ அவருடைய இறுதி ஆண்டுகளின் படைப்பு. மகன் எத்தியேனின் கையும் அதில் கலந்திருக்கலாம் என்பர். நடுவிடம் முழுவதையும் பகடை ஆடும் போர்வீரர் நிரப்பியிருக்கின்றனர். மேசை விளக்கின் ஒளி அவர்கள்மேலேயே விழுகிறது. பேதுருவோ இடப்புற ஓரத்தில், வேலைக்காரியின் மெழுகுவர்த்திக்கு முன்னே ஒதுங்கி நிற்கிறார். அப்போஸ்தலரின் வீழ்ச்சியை ஆட்டக்காரர் கவனிக்கவில்லை. இதே பொருளில் ஓர் ஓவியம் அக்காலத்தில் ஆளுநர் லா ஃபெர்த்தேக்கும் பரிசாகச் சென்றது என்று நகரின் கணக்குகள் கூறுகின்றன. ஆளுநர் அதில் எதைக் கண்டாரோ தெரியாது. சூதாடும் தம் வீரரைக் கண்டு மகிழ்ந்திருக்கவும் கூடும். ஓவியரும் அந்த ஓரத்தில் நின்ற மனிதரில் தம்மைக் கண்டார் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் நாம் அங்கே நம்மைக் காணலாம். அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டுவதில்லை.

முடிவாகச் சில சொற்கள். கானிஸ்பீயின் விளக்கநூல் ஓவியரைச் சூழ்ந்த உலகத்தையும் ஓவியத்தோடு சேர்த்துத் தருகிறது. சூதாட்டம் பற்றியும், லொரேன் நாட்டின் துன்பம் பற்றியும், வண்ணம் தீட்டும் முறை பற்றியும் அதிலுள்ள கட்டுரைகள் பயனுடையவை. இறையியல் வாசகர் எதிர்பார்க்கும் வேதபாட விளக்கத்தை அதில் தேடலாகாது. அந்தப் பணி நமக்கு விடப்பட்டிருக்கிறது. லா டூரின் ஓவியங்களை நம் வகுப்புகளிலும் ஆலயங்களிலும் தொடர்ந்து பயன்படுத்துவோம். ஆனால் மனந்திரும்பிய ஓவியர் என்னும் கதையை இனிச் சொல்லாதிருப்போம். ‘மேய்ப்பர்களின் வணக்கம்’ திரையில் தோன்றும்போது, இத்தகைய ஓவியத்திற்கு லூனேவில் மக்கள் கொடுத்த 700 பிராங்கையும், அவர்களுடைய மிதிபட்ட பயிரையும் மாணவர்க்கு எடுத்துரைப்போம். அதன் பின்னும் அந்த மெழுகுவர்த்தி குழந்தையின் முகத்தை ஒளிரச் செய்கிறதா என்று அவர்களையே பார்க்கச் சொல்வோம். நாம் பார்த்தவரையில், ஒளிரச் செய்கிறது.